பல் டாக்டர் வீட்டு உறுமல்

பல் டாக்டர் கிட்டாரிலிருந்து கையை எடுத்தார். ஆம்ப்ளிஃபயர் உறுமியது.

"ங்ங்ங்ங்ங்…"

கம்பிகளின் மேல் கையை வைத்தார். உறுமல் கொஞ்சம் அடங்கியது. எடுத்தார். மறுபடியும் கிளம்பியது. நாய்க்குட்டியைத் தடவிக்கொடுப்பதுபோல எத்தனை நேரம்தான் தடவிக்கொண்டே இருப்பது? வாசிப்பதென்றால் கையை நகர்த்தித்தானே ஆக வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பத்து. மாலை ஆறு மணிக்குள் நாலு நிமிஷ வாசிப்பைப் பதிவு செய்து அனுப்பியாக வேண்டும். கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஐந்து பல் டாக்டர்கள், பழைய மாணவர் கூட்டத்துக்காகச் சேர்ந்து ஒரு மெட்டு வாசிக்கிறார்கள். ஆளுக்கொரு ஊரில் இருப்பதால் அவரவர் வீட்டில் வாசித்து அனுப்ப, டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்துவிடுவார். மற்றவர்கள் அனுப்பியாயிற்று. விடிந்ததும் டிரம்ஸ்காரரிடமிருந்து செய்தி வந்திருந்தது.

"ஊளை, ஆறு மணி வரைக்கும்தான் பார்ப்பேன். வரலேன்னா உன் பகுதிய கீபோர்டுலயே வாசிச்சுடுவோம்."

ஊளை என்பது பல் டாக்டரின் பெயர் அல்ல. முப்பது வருஷத்துக்கு முன்னால் கல்லூரி ஆண்டுவிழாவில் அவர் மேடையேறி முதல் கம்பியைத் தொட்டதும் ஒலிபெருக்கி ஊளையிட்டது. கல்லூரி முதல்வர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு எழுந்து போனார். அவர் பின்னாலேயே முன்வரிசை மொத்தமும் போனது. அன்றோடு மேடை வாழ்க்கை முடிந்து, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கல்யாணத்துக்கு வந்த வாழ்த்து அட்டையில்கூட 'ஊளைக்கும் அவர் துணைவியாருக்கும்' என்றுதான் எழுதியிருந்தார்கள். துணைவியாருக்கு விளக்கிச் சொல்லவே ஒரு வாரம் பிடித்தது.

இன்று ஒரு பொட்டு இரைச்சல்கூட இல்லாமல் வாசித்து அந்தப் பெயரைத் துடைத்து எறிந்துவிட வேண்டும் என்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்.

இந்த முப்பது வருஷத்தில் அவருடைய வாசிப்பு அவ்வளவாக வளரவில்லை. கருவிகள்தான் வளர்ந்தன. தரையில் வரிசையாக, காலால் அழுத்தி ஒலியை மாற்றுகிற பதினோரு பெடல்கள். அவற்றைக் கோக்கப் பதினாலு ஒயர்கள். இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள், ஒரு கணினி. சுவர் ஓரமாக ஒரு பிளக் பெட்டி. அதிலிருந்து கிளைவிட்ட இன்னொரு பிளக் பெட்டி. அதன் குட்டியாக மூன்றாவது. பழைய வீட்டில் இந்தக் குடும்பம் ஏதோ ஒழுங்காகத்தான் இருந்தது. இந்த மூன்றாவது மாடி வீட்டுக்குக் குடிவந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த நாளிலிருந்து உறுமல்.

பக்கத்து அறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. வீட்டிலும் அவர் பதவியிலிருந்து இறங்குவது கிடையாது.

"என்னங்க, பதினொண்ணரைக்கு எனக்குப் பெற்றோர் கூட்டம் இருக்கு. நாப்பது பேர் கம்ப்யூட்டர்ல வருவாங்க. அந்த மிருகத்த அடக்கி வைங்க."

"இதோ அடங்கிடும்."

"இன்னிக்கு ஆறு மணிக்கு மேல அந்தச் சத்தம் கேட்டுதோ, மொத்தத்தையும் மூட்டை கட்டி உங்க கிளினிக்குக்கு அனுப்பிடுவேன். அங்க வர்றவங்க ஏற்கெனவே பயந்துதான் வர்றாங்க. இன்னும் கொஞ்சம் பயப்படட்டும்."

பல் டாக்டர் இணையத்தில் தேடினார். கிட்டாரின் வயிற்றுக்குள் உலோகத் தாள் ஒட்டினால் இரைச்சல் குறையும் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். சமையலறையில் சப்பாத்தி சுற்றும் வெள்ளித் தாள் ஒரு சுருள் இருந்தது. முழுச் சுருளையும் உள்ளே திணித்து, பல் அடைக்கும் கருவியால் நேர்த்தியாக அழுத்தி மூடினார்.

உறுமல் இப்போது அரைச் சுருதி ஏறியிருந்தது.

வேறு வழியில்லாமல் வாத்தியக் கடைக்குப் போன் போட்டார்.

"கவலைப்படாதீங்க டாக்டர்," என்றார் கடைக்காரர். "பதினோரு மணிக்கு ஒருத்தர அனுப்பறேன். பெரிய கை. ஆனா ஒண்ணு, மனசு வெச்சாத்தான் வருவாரு, வந்தாலும் அதிகம் பேச மாட்டாரு. குறுக்க கேள்வி கேட்டா எழுந்து போயிடுவாரு. அவரு என்ன சொன்னாலும் அப்படியே செஞ்சுடுங்க."

பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது. சொன்ன நேரத்துக்கு முன்னால் வருகிற மெக்கானிக்கைப் பல் டாக்டர் இந்த ஜன்மத்தில் பார்த்ததில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தலைமுடி நாலாபக்கமும் நின்றது. சட்டைப் பொத்தான்கள் ஒரு துளை மாறிப் போட்டிருந்தன. கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. கையில் பை இல்லை, கருவி இல்லை. பார்த்த மாத்திரத்திலேயே மேதை என்று தெரிந்தது.

"சார், இந்தச் சத்தம்…" என்று ஆரம்பித்தார் அவர்.

"வாசல் வரைக்கும் கேட்குதா?"

"நல்லாவே கேட்குது."

"அதான் சார் பிரச்சினையே! உள்ள வாங்க, உங்களத்தான் எதிர்பார்த்துட்டு இருக்கேன். ராத்திரியெல்லாம் வேலையா? கண்ணெல்லாம் செவந்திருக்கே."

"ஆமா சார், ராத்திரி பூரா. அதனாலதான்…"

"தெரியுது, தெரியுது. தொழில்ல அவ்வளவு பக்தி. உட்காருங்க."

ஒன்றைச் சொல்ல வேண்டும். பல் டாக்டர் முப்பது வருஷமாக வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்களோடு மட்டுமே பேசிப் பழகியவர். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. எதிராளி 'ஆ… ஆ…' என்றால் போதும், முழு வாக்கியமாகப் புரிந்துகொண்டுவிடுவார்.

நிபுணர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பதினோரு பெடல்களையும் பதினாலு ஒயர்களையும் பார்த்தார். மெல்ல ஒரு நாற்காலியில் அமர்ந்தார்.

"இவ்வளவும் எதுக்கு சார்?" என்றார்.

பல் டாக்டருக்கு உடம்பு சிலிர்த்தது. முதல் கேள்வியே நெற்றிப்பொட்டில் அடித்ததுபோல இருந்தது.

"முதல்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க," என்றார் நிபுணர்.

பண்ணினார். அறை நிசப்தமானது. நிபுணர் கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"இது நல்லா இருக்கு."

"புரியுது சார். நிசப்தத்துலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா ஏத்திட்டே போகணும். எங்க தொழில்லயும் அப்படித்தான், முதல்ல மரத்துப்போக வெச்சுட்டுத்தான் பல்லுல கையே வைப்போம்." வரிசையாக ஸ்விட்சைப் போட்டார்.

"ங்ங்ங்ங்ங்…"

நிபுணரின் முகம் சுருங்கியது. நேரே வரிசையின் முதலில் இருந்த சிவப்புப் பெடலைக் காட்டினார்.

"இது என்ன பண்ணும்?"

"சத்தத்தப் பெரிசாக்கும் சார்."

"எதுக்குப் பெரிசாக்கணும்?"

பல் டாக்டர் யோசித்தார். குனிந்து சிவப்புப் பெடலைக் கழற்றினார்.

"இது?"

"ஒரு தடவ வாசிச்சா ஏழு தடவ கேட்கும்."

"ஒரு தடவையே தாங்கல சார். எடுத்துடுங்க."

இப்படியாகப் பச்சை போனது, மஞ்சள் போனது. அலைபோல ஆட்டுவது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆக்குவது, குரலை முறுக்குவது எல்லாம் போயின. கடைசியில் ஒரு சின்னக் கறுப்புப் பெடல் மட்டும் இருந்தது.

"சார், இது இரைச்சல அடக்கற பெட்டி," என்றார் பல் டாக்டர் தயங்கியபடி.

"அடக்குதா?"

"இல்ல."

"அப்பறம்?"

அதுவும் போனது. அப்போதுதான் தெரிந்தது, பாவம், அந்தக் கறுப்புப் பெட்டி இத்தனை நாளாகத் தன்னால் முடிந்தவரைக்கும் அடக்கித்தான் வைத்திருந்தது என்று. உறுமல் நாலு மடங்காகிச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை அசைத்தது. அத்தோடு விடவில்லை. நீள ஒயர் ஒன்று எங்கேயோ போய்க்கொண்டிருந்த வானொலி அலையைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

"…அடுத்த இருபத்து நாலு மணி நேரத்துக்கு வானம் மேகமூட்டத்துடன் காணப்படும்…" என்றது கிட்டார்.

அந்த நேரத்தில் பக்கத்து அறையில் தலைமை ஆசிரியை நாற்பது பெற்றோர்களிடம், "பிள்ளைங்க படிக்கணும்னா வீட்டுல அமைதி வேணும். அமைதிய நாமதான் ஏற்படுத்திக் குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது வீடுகளிலும் அந்த அறிவுரையைத் தொடர்ந்து உறுமலும் வானிலை அறிக்கையும் கேட்டன.

கதவு திறந்தது.

"என்னங்க இது? ரேடியோ எப்ப வாங்கினீங்க?"

"ரேடியோ இல்லம்மா, கிட்டார்தான். நிபுணர் வந்திருக்காரு. சரியாயிட்டே இருக்கு."

தலைமை ஆசிரியை நிபுணரை மேலும் கீழும் பார்த்தார். மாறிப் போட்ட பொத்தானில் பார்வை நின்றது. கணவரை வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

"இவருக்கு வேலை தெரியுமா? கையில ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட இல்ல."

"பெரிய சர்ஜன் கத்தியச் சட்டைப்பையில போட்டுட்டா சுத்தறாரு? அவரு மூளையாலயே பார்க்கறாரு."

"எனக்கென்னமோ அரைத் தூக்கத்துல இருக்கற மாதிரி தெரியுது."

"அது தியானம்."

திரும்பி வந்தபோது நிபுணர் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தரையில இருக்கறதுதான் சார் தப்பு," என்றார். "எல்லாம் தரை வழியா நேரா கீழ இறங்குது."

"எர்த்!" என்று பல் டாக்டர் துள்ளினார். "எர்த்துலதான் கோளாறுன்னு எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துது சார். இப்ப என்ன பண்ணலாம்?"

"தரையிலேர்ந்து தூக்குங்க. அடியில மெத்தென்னு ஏதாவது போடுங்க."

இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் படுக்கையறைக் கட்டிலுக்கு ஏறின. மெத்தை போதாது என்று நிபுணர் அபிப்பிராயப்பட்டதால் சுற்றிலும் தலையணைகள் வந்தன. தலையணைக்கு மேல் போர்வைகள். போர்வைக்கு மேல் தலைமை ஆசிரியையின் கம்பளி. பார்ப்பதற்குக் காய்ச்சல் கண்ட இரண்டு பேர் படுத்திருப்பதுபோல இருந்தது. உறுமல் இப்போது முனகலாகிவிட்டது.

"குறையுது சார்! குறையுது!"

"இன்னும் ஒரு போர்வ இருக்கா?" என்று கேட்டார் நிபுணர். முதன்முறையாக அவர் முகத்தில் நம்பிக்கை தெரிந்தது.

ஆம்ப்ளிஃபயரின் முதுகில் காற்றுப் போகத் துளைகள் இருக்கின்றன என்பதும், அவை எதற்கோ வைக்கப்பட்டவை என்பதும் இரண்டு பேருக்கும் நினைவுக்கு வரவில்லை. கால் மணி நேரத்தில் கம்பளி கருகுகிற வாடை வந்தது. பல் டாக்டர் ஓடிப்போய்ப் போர்வையை விலக்கினார். உள்ளேயிருந்து சூடான ஆவி முகத்தில் அடித்தது. "டப்" என்று ஒரு சத்தம்.

மின்விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. பக்கத்து அறையில் தலைமை ஆசிரியை, "ஆகவே பெற்றோர்களே…" என்பதோடு உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டார்.

அவர் கதவருகே வந்து நின்றார். கருகிய கம்பளியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று. திரும்பிப் போய்விட்டார்.

"போச்சு சார்," என்று கட்டிலில் சரிந்து உட்கார்ந்தார். "எல்லாம் போச்சு. இனிமே நான் சாகற வரைக்கும் ஊளைதான்."

ஊளைக் கதை முழுவதையும் சொன்னார். முதல்வர் எழுந்து போனது, முன்வரிசை காலியானது, வாழ்த்து அட்டை. நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிபுணர் இடைமறிக்காமல் கேட்டார். எழுந்து போவதற்காகக் கதவுப் பக்கம் ஒரு காலை நகர்த்தியிருந்தவர், அந்தக் காலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"சார், அழாதீங்க," என்றார். "இப்ப எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க. இப்படியே வாசிங்களேன்."

"கரண்டே இல்லையே சார். எலக்ட்ரிக் கிட்டார் இது."

நிபுணர் கிட்டாரை எடுத்தார். கிட்டாரைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கவில்லை, ஏதோ பச்சைக்குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்து, சுண்டுவிரலால் ஒரு கம்பியைச் சுண்டினார்.

"டிங்."

மெல்லிய, கொசுவின் குரல் போன்ற, சுத்தமான ஒரு ஒலி.

"இது கேட்குதே," என்றார். "இதுக்கு மேல எதுக்கு?"

பல் டாக்டர் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். பதினோரு பெடல், பதினாலு ஒயர், முப்பது வருஷம். ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மெயின் ஸ்விட்சையும் இறக்கிவிட்டார்கள். ஜன்னல்களைச் சாத்தினார்கள். சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியை உருவினார்கள். சொட்டுகிற குழாய்க்கு அடியில் துணியைப் போட்டார்கள். தலைமை ஆசிரியையிடம் நாலு நிமிஷம் நடக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கைப்பேசியைக் கிட்டாரின் மேலேயே வைத்துக் கட்டி, பல் டாக்டர் வாசிக்க ஆரம்பித்தார்.

முதல் இருபது தடவை விரல் தடுக்கியது. இருபத்தொன்றாவது தடவை வழிக்கு வந்தது. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. அரையிருட்டு அறையில் நிபுணர் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் தன் வாசிப்பை இப்படி ஆழ்ந்து கேட்டுப் பல் டாக்டர் பார்த்ததில்லை. அந்த உற்சாகத்தில் விரல்கள் தானாக ஓடின. இரண்டு நிமிஷம் தாண்டியபோது,

"கொர்ர்ர்ர்…"

மறுபடியும் சத்தம்! வாசித்துக்கொண்டே தரையைப் பார்த்தார். ஒயர் இல்லை. சுவரைப் பார்த்தார். பிளக் இல்லை. கரண்டே இல்லை. சத்தம் மட்டும் தாளம் தப்பாமல் வந்தது. மெல்ல நகர்ந்து நகர்ந்து அதைத் தேடிக்கொண்டு போனார். அது நாற்காலியில் முடிந்தது.

நிறுத்தி எழுப்ப நேரமில்லை. அப்படியே வாசித்து முடித்தார். மணி ஐந்து நாற்பது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது டிரம்ஸ்காரர் கூப்பிட்டார்.

"டேய், இத நீதான் வாசிச்சியா?"

"ஏன், நல்லா இல்லையா?"

"சுத்தமா இருக்குடா! ஒரு இரைச்சல் இல்ல, ஒரு உறுமல் இல்ல. கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா நடுவுல கொர்ர்ர்னு ஆழமா ஒண்ணு வருது பாரு, உடம்பே அதிருதுடா. அது எந்தப் பெடல்?"

பல் டாக்டர் நாற்காலியைப் பார்த்தார்.

"அது… கடையில கிடைக்காதுடா," என்றார்.

நண்பர் சிரித்தார். பிறகு முப்பது வருஷத்தில் முதன்முறையாகப் பல் டாக்டரை அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "பிரமாதம்டா" என்றார்.

பல் டாக்டர் கைப்பேசியை வைத்துவிட்டுச் சமையலறை வாசலைப் பார்த்தார். தலைமை ஆசிரியை கைப்பேசியின் ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு உள்ளே போய் மூன்று கோப்பைத் தேநீரோடு வந்தார்.

"நான் உங்கள என்னமோன்னு நினைச்சுட்டேன், மன்னிச்சிடுங்க," என்று நிபுணரை எழுப்பிக் கோப்பையைக் கொடுத்தார். "ஒரு ஸ்க்ரூவக்கூடத் திருகாம சரி பண்ணிட்டீங்களே."

நிபுணர் கண்ணைக் கசக்கினார். அவர் முகம் இப்போது தெளிந்திருந்தது. ஏழு ஜன்மத் தூக்கத்தையும் தூங்கி எழுந்தவர்போல இருந்தார்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்…" என்று ஆரம்பித்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார்!" பல் டாக்டர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நாளைக்கே எல்லாப் பெடலையும் தலையச் சுத்தித் தூக்கிப் போட்டுடறேன். உங்களுக்கு எப்ப பல்வலி வந்தாலும் சரி, ராத்திரி பகல் பார்க்காம வாங்க. உங்கள மாதிரி ஒரு நிபுணர…"

கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். தலைமை ஆசிரியை போய்த் திறந்தார். வாசலில் கையில் கரண்டியோடு ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். யாரையும் பார்க்காமல் நேரே தேநீரும் கையுமாக உட்கார்ந்திருந்த நிபுணரைப் பார்த்தார்.

"ஏங்க, மேல் வீட்டு சத்தத்துல தூங்க முடியல, கொஞ்சம் நிறுத்தச் சொல்லிட்டு வரேன்னு காலைல மாடியேறிப் போனீங்களே, இன்னுமா சொல்லி முடிக்கல?"